ஐந்து பை மண்

எங்கள் பக்கத்தில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை என்றால் அவன் டீ குடிக்கும் கடை, முடி வெட்டும் கடை வரை போய் விசாரிப்பார்கள். நிலத்துக்கு மட்டும் பட்டா, வில்லங்கச் சான்று, வாஸ்து, அவ்வளவுதான். அந்த மண் இத்தனை வருடம் எதைக் குடித்துக் கிடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதுதான் என் தொழில். (இந்தக் கதை நடந்தபோது வேலையில் சேர்ந்து சில மாதம்தான். என் பேச்சைக் கேட்டவர்கள் நான் ஓய்வு பெறப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.)

சென்னையில் ஒரு கம்பெனி. தொழிற்சாலை கட்ட, அடுக்குமாடி கட்ட இடம் வாங்குகிறவர்கள் முதலில் எங்களைக் கூப்பிடுவார்கள். முன்பு அங்கே என்ன இருந்தது, மண்ணில் விஷம் கிஷம் இறங்கியிருக்கிறதா என்று பரிசோதித்துச் சொல்வோம். அங்கே எனக்கு வேலை, மண் அள்ளும் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஊருக்கு வந்தால் நான் விஞ்ஞானி.

அக்காவும் மாமாவும் சின்னசேலத்துக்கு வெளியே ரோட்டோரமாக அரை ஏக்கர் பார்த்திருந்தார்கள். மாமா மினி லாரி ஓட்டுகிறவர். வெள்ளிமலையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி, கீழே ஜவ்வரிசி மில்களில் கொண்டுபோய்ப் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். அக்காவுக்குச் சொந்தமாக ஒரு வீடு வேண்டும், அதில் சொந்தமாக நல்ல தண்ணீர் வேண்டும். தாலியைத் தவிர நகையெல்லாம் விற்றாகிவிட்டது. ஒரே ஓர் உறுத்தல்: நிலத்தின் வேலியை அடுத்தாற்போல் பழைய ஜவ்வரிசி மில் ஒன்று மூடிக் கிடந்தது. ஜவ்வரிசி மில்லின் கழிவுத் தண்ணீர் எப்படி நாறும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது இறங்கிய கிணறு என்ன ஆகும் என்பதும் தெரியும்.

அக்கா போனில் சொன்னாள்: “நீ வந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் அட்வான்ஸ் குடுப்போம். இல்லாங்காட்டி வேணாம். உன் வேலைதானடா இது?”

இதைவிட ஒரு மனிதனுக்குக் கிரீடம் வேண்டுமா? கம்பெனியில் சொல்லாமல் மண் குடைகிற திருகுக் கம்பியைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினேன். பூட்ஸ், கையுறை, மஞ்சள் ஹெல்மெட். (வெட்டவெளி. தலையில் விழுவதற்கு வானத்தைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது.) ஐந்து பைகளில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என்று அழகாக எழுதி, “ஒவ்வொரு எடத்துலயும் ஒரு ஆள் ஆழம் குடையணும் மாமா” என்று கல்லூரியில் கேட்ட பாடத்தை அவருக்கு ஒப்பித்தேன்.

வடக்குப் பைக்கான முதல் துளையைப் போட வடகிழக்கு மூலையில், அதாவது ஈசானி மூலையில், நானே கம்பியைத் திருகினேன். முழங்கை ஆழம் போவதற்குள் உள்ளங்கையில் கொப்புளம். நிலத்தை விற்கிறவர் நல்ல மனிதர், அதுவும் தேவைக்கு அதிகமாகவே நல்ல மனிதர். “வெயில்ல நீங்க ஏங்க கஷ்டப்படறீங்க? வந்து நுங்கு சாப்புடுங்க” என்று கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

மாமா கம்பியை வாங்கிக்கொண்டார். “நீ போய் குந்து மச்சான். நான் எடுத்தாறேன்.”

நான் நுங்கு தின்றபடி, மண்ணின் அமிலத்தன்மை பற்றி விற்கிறவருக்குச் சொற்பொழிவு ஆற்றினேன். அவர் மிகுந்த மரியாதையோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார். மாமா ஐந்து பைகளையும் ரொப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். தெரிந்தவர் ஒருவரின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். ஐந்து பைகளுக்கும் ஒரே முடிவு, துளிகூடக் குறையில்லை. அங்கிருந்தவர் சந்தேகத்தோடு, “எல்லாம் ஒரே எடத்து மண்ணா சார்?” என்று கேட்டார்.

“எங்க ஊரு மண்ணு அப்படி” என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

பத்திரம் பதிவானது. பூமி பூஜைக்கு உறவு முழுக்க வந்தது. ஈசானி மூலையில் பூஜை முடிந்து, ஆட்கள் கடக்கால் தோண்டிக்கொண்டே தென்மேற்கில் இருக்கிற கன்னி மூலைக்கு வந்தார்கள். பெரிய படுக்கையறை அங்கேதான் வர வேண்டும் என்பது வாஸ்து. நாங்கள் இலை போட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு நாற்றம். யாருக்கோ வயிறு சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தோம். பெரியப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார். அதற்குள் குழியிலிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி ஓடிவந்தார்.

போய்ப் பார்த்தோம். மேலே ஒரு அடுக்குச் செம்மண். அதற்குக் கீழே கறுப்புச் சேறு, அழுகிய கிழங்குத் தோல், மாவு பிழிந்தபின் மிஞ்சும் திப்பி. மில் நடந்த காலத்தில் கழிவை விட்டு ஊறவைத்த குட்டை அது. மண்ணைப் போட்டு மூடி, எங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

“மாமா, தெற்குப் பை, மேற்குப் பை எல்லாம் எங்க எடுத்தீங்க?”

“எல்லாம் ஈசானி மூலையிலதான் மச்சான். நீ போட்ட ஓட்டையிலயே.”

“அஞ்சு பையுமா?”

“ஆமா. நல்ல காரியத்துக்கு மண்ணு எடுக்கணும்னா அங்கதான எடுக்கணும்? வாங்கறதுக்கு முன்னாடி கன்னி மூலையில கம்பிய உட்டுக் குத்துனா, அந்த நெலம் நமக்குத் தங்குமா?”

“பையில தெற்குன்னு எழுதியிருந்தேனே!”

“அது நீ எழுதினது. உங்க ஆபீசு கணக்குன்னு நெனைச்சேன்.”

அவர் பொய்யே சொல்லத் தெரியாதவர். கண் கலங்கி நின்றார். அக்கா அவரை ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“நாத்தத்துல வாழ வேணாம்னுதான உன்ன கூப்ட்டேன்? எழுந்து அந்த மூலை வரைக்கும் நடந்து போறதுக்கு உனக்கு இன்னாடா கேடு?”

உறவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அப்போதும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. (பூமி பூஜைக்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்காதீர்கள். பொறியாளர் போல இருக்கட்டுமே என்று போட்டுக்கொண்டு போனேன்.)

விற்றவர் திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போனை எடுக்கவில்லை. வழக்குப் போடக் கையில் ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் ஈசானி மூலையில் மட்டும் இரண்டு அறை எழுப்பினார்கள். மீதி நிலத்தில் சீமைக்கருவேலம்தான் வருகிறது. போர் போட்டார்கள். அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாகிப் புளிக்கிறது. குடிக்க, சமைக்க எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழாயிலிருந்துதான். இத்தனை வருடமாக அக்காதான் குடம் சுமக்கிறாள். அவளுக்கு ஒரு பக்கத்துத் தோள் இறங்கிவிட்டது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது பெண் பார்க்கவோ மாடு பார்க்கவோ கிளம்பினால், “ஈசானி மூலைய மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க” என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார்.

போன மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, “தண்ணி நல்லா கீதே, உங்க போருங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க, ரோட்டுக் கொழாய்” என்றாள் அக்கா. என்னைக் கை காட்டினாள். “எங்க நெலத்த எந்தம்பி டெஸ்ட்டு பண்ணி, ரொம்ப நல்ல நெலம்னு சொல்லிட்டான். அதனால இங்க தண்ணி குடிக்கிறதில்ல.”

வந்தவர்களுக்குப் புரியவில்லை. எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டத்துக்குத் தண்ணீர் போதாது என்று அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். லாரிகள் போகட்டும் என்று ரோட்டோரத்தில் வெகுநேரம் நின்றாள்.