கொழும்பில் அப்படி என்னதான் இருக்கிறது, மதினி?

சேசு மரி சூசை துணை

நமுனுகுல மலைத்தோட்டம்,
பங்குனி மாதம், 1925.

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய யேசுரத்தினம் மதினி அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி றோசாலி முழந்தாளில் நின்று எழுதிக்கொள்வது. (முழந்தாளில் நிற்பது பக்தியால் மட்டும் இல்லை. எங்கள் லயத்தில் மேசை கிடையாது, அரிசிப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன்.) நானும் பிள்ளை நேசராணியும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் சினைமாடும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞானோபதேச வகுப்பில் பழகிய எழுத்து இது. ஜெபம் எழுதத்தான் தெரியும், பதில் எழுதிப் பழக்கமில்லை.

உங்கள் காகிதம் கிடைத்தது. புருஷனைப் புதைத்து ஒரு வருசம் திரும்பவில்லை, தபசுகாலம் வேறு, வெள்ளைச் சேலை கட்டினவள் பட்டணம் பார்க்கப் போனாளாமே, கொழும்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்குள் பிள்ளை வாய் திறக்காவிட்டால் லுணுகலையிலிருந்து வண்டி கட்டி வந்து அவளைக் கூட்டிப்போய் நீங்களே வளர்க்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் நீளமானது. இரண்டாவதற்குப் பதில் சின்னது. பிள்ளையைத் தர மாட்டேன், மதினி. வண்டி கட்ட வேண்டாம்.

இனி நீளமான பதில். உங்கள் தம்பியைப் புதைத்த ஐப்பசி மழையிலிருந்து நேசராணி ஒரு சொல் பேசவில்லை என்பது உங்களுக்கே தெரியும். பசித்தால் தட்டைக் காட்டுவாள், குளிர்ந்தால் கம்பளியைக் காட்டுவாள். தோட்டத்து மருந்துக்காரர் விளக்கெண்ணெய் கொடுத்தார். சாமியார் தீர்த்தம் தெளித்தார். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ரெங்கம்மாக்கா என்னைக் கேட்காமலே அவர்கள் கோயிலில் மந்திரித்த கயிற்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள். பிள்ளை கழுத்தில் இப்போது மாதா உத்தரியம் ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம். பிள்ளை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், வாயை மட்டும் திறக்கவில்லை. உங்கள் தம்பி உயிரோடு இருந்தபோது, பதுளைக்கு ரயில் வந்துவிட்டது, மாசி பிறக்கட்டும், மழை விட்டு முள்முருக்கு பூத்ததும் உனக்குக் கடல் காட்டுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். மாசி பிறந்தது. தேயிலைக்கு நடுவில் முள்முருக்கெல்லாம் சிவப்பாகப் பூத்தது. பிள்ளை தினமும் அந்தப் பூவைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். நான் எத்தனை நாள் தாங்குவேன், மதினி? கடலைக் கண்டால் வாய் திறப்பாள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஜாபிர் நானா சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகிறார், மருதானையில் அவர் தங்கச்சி வீட்டில் தங்கலாம் என்றார். பொம்பளை தனியாகப் போகக் கூடாது என்று ரெங்கம்மாக்காவும் புறப்பட்டாள். அவள் துணைக்கு வந்தாளா, ரயிலுக்கு வந்தாளா என்று நான் கேட்கவில்லை.

ரயிலில் ரெங்கம்மாக்கா முதலில் அழுதாள், பிறகு தூங்கினாள், தெமோதரையில் விழித்துக்கொண்டு வண்டியையே நிறுத்தப் பார்த்தாள். அங்கே பாதை ஒரு குகைக்குள் புகுந்து, மலையைச் சுற்றி, அந்தக் குகைக்கு மேலேயே வந்து நிற்கிறது. எட்டிப் பார்த்தால் வந்த பாதை கீழே கிடக்கிறது. "ஆத்தாடி, இவன் என்னத்தையோ மறந்துட்டு வந்த வழிக்கே திரும்பிட்டான்டி! மறந்தவன் எறங்கிப் போய் எடுத்துட்டு வரக் கூடாதா? இம்புட்டுப் பேரயுமா இழுத்துக்கிட்டுப் போவான்?" என்று கத்தினாள். ஜாபிர் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை கோட்டைத் தெருவில் இறங்கினோம். குடும்பத்தோடு பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான் என்று ஜாபிர் நானா சொன்னார். மாடி மாடியாகக் கடைகள், கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள், மணிக்கூட்டுக்கு மேலே வெளிச்ச வீடு. நாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. மலையில் துரை வந்தால் நாம் என்ன செய்வோம், மதினி? பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, குனிந்து சலாம் சொல்லி, அவர் தாண்டிப் போகும்வரை தலை நிமிராமல் நிற்போம். மலையில் பெரிய துரை ஒருவர், சின்னத் துரை ஒருவர். அவர்களும் குதிரையில் போய்விடுவார்கள். கோட்டைத் தெருவில் தெரு முழுக்கத் துரைமார், மதினி! கானுக்குள் இறங்கினோம், சலாம் சொன்னோம், ஏறினோம். அடுத்த துரை. இறங்கினோம். அவருக்குப் பின்னால் துரைசாணி, அவளுக்குப் பின்னால் குட்டித் துரை, அதற்குப் பின்னால் நாய். நாய்க்கும் ரெங்கம்மாக்கா சலாம் சொல்லிவிட்டாள். கடைசியில் ஏறி இறங்குவதைவிடக் கானுக்குள்ளேயே நடப்பது லேசு என்று நடந்தோம்.

முன்னே போன ஜாபிர் நானா திரும்பி ஓடிவந்தார். "என்ன தங்கச்சி, கானுக்குள்ள என்னத்தத் தேடுறீங்க?"

"தொர வாறாருங்க நானா."

"தொர வராத எடம் கொழும்புல எங்க இருக்கு? மேல ஏறுங்க, ஆக்கள் பாக்குறாங்க!"

ஆட்கள் சும்மா பார்க்கவில்லை. நாங்கள் ஏதோ தொலைத்துவிட்டோம் என்று நினைத்து ஒரு ரிக்சாக்காரன் எட்டிப் பார்த்தான். அவன் பார்க்கிறானே என்று இன்னும் பலர் பார்த்தார்கள். கூட்டத்தை விலக்க வந்த போலீசுக்காரர் தானும் குனிந்து, தடியால் கானைத் துழாவி, துணி கிழிந்த ஒரு குடைக்கம்பியை வெளியே எடுத்து, மிகவும் மரியாதையாக ரெங்கம்மாக்கா கையில் கொடுத்தார். போலீசு கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் உண்டு? வாங்கிக்கொண்டு அவருக்கும் சலாம் சொன்னாள்.

இரண்டாவது, ட்ராம் வண்டி. தெருவிலேயே தண்டவாளம், மாடு இல்லை, புகை இல்லை, தானாகப் போகிறது. ஏறி உட்கார்ந்தோம். காற்று சுகமாக இருந்தது. அடுத்த இடத்தில் ஒரு துரை ஏறி முன் பலகையில் உட்கார்ந்தார். ட்ராமுக்குள் கான் ஏது, மதினி? நானும் ரெங்கம்மாக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டோம். வண்டி ஜாபிர் நானாவை மட்டும் கொண்டுபோய்விட்டது. வெகுநேரம் கழித்து அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்க நடந்து வந்தார். மரத்தைப் பார்த்துக்கொண்டு, "அல்லாஹ் பொறுமையத் தரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது, கடல். காலிமுகத்தில் பெரிய புல்வெளி, அதற்கு அப்பால் முழுக்கத் தண்ணீர். பிள்ளைகள் காற்றாடி விடுகிறார்கள், ஒருவன் வண்டியில் வைத்து வறுத்த கடலை விற்கிறான், அம்மாமார் பிள்ளைகளை மணலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாசி வெயில் மேலே பட்டால் நம் மலைக் குளிர் எல்லாம் எலும்பை விட்டுப் போகிறது. ரெங்கம்மாக்கா ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுத் துப்பினாள். "நெசமாத்தான் உப்பு! எவன் கொண்டாந்து கொட்டியிருப்பான்?" என்றாள். நான் நேசராணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாரு ராணி, அப்பா சொன்ன கடல்" என்றேன். பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். அலை வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது. அப்போதும் இல்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேனே தவிர, கடலை நான் பார்க்கவே இல்லை, மதினி. மணலில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் காகிதம் அப்போது வந்திருக்கவில்லை, ஆனாலும் மதினி பிள்ளையைக் கேட்டு வண்டி கட்டி வந்துவிடுவார்கள் என்று பயந்துதான் அழுதேன். ரெங்கம்மாக்கா கிண்டல் எதுவும் பண்ணாமல் பக்கத்தில் உட்கார்ந்து, என் சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டாள்.

நான் வீட்டுக்குப் போகலாம் என்றேன். ஜாபிர் நானா, "பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்டு நூதனசாலையக் காட்டாமப் போறதா? செத்த மிருகம் எல்லாம் வச்சிருக்காங்க" என்று அழைத்துப் போனார். வாசலில் விட்டுவிட்டுத் தொழுதுவிட்டு வருகிறேன் என்று போனார். பெரிய வெள்ளைக் கட்டடம், முன்னால் புல், மரம். உள்ளே போகத் திரும்பினால், மேடான இடத்தில் ஒரு துரை நிற்கிறார்! மலையிலும் துரை மேட்டில் நின்றுதானே வேலை பார்ப்பார். பூட்சைக் கண்டதும் இருவரும் பாதையோரம் ஒதுங்கி, குனிந்து, சலாம் சொல்லி நின்றுவிட்டோம். துரை போகவில்லை. அவர் போகாமல் நாம் எப்படிப் போவது? மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது.

"என்னடி, இவரு நகர மாட்டேங்கிறாரு?" என்று ரெங்கம்மாக்கா குனிந்தபடியே கேட்டாள்.

"பேசாம நில்லுங்கக்கா. கோவமா இருப்பாரு."

"நாம என்னடி செஞ்சோம்? இந்தக் குடைக்கம்பிய நாம களவெடுத்தோம்னு நெனச்சிருப்பாரோ?" என்று அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிறகு தரையைப் பார்த்தபடியே, "சலாம் தொரைகளே! இது போலீசு ஐயா குடுத்ததுங்க, சாமி சத்தியமாங்க" என்றாள். துரை பதில் சொல்லவில்லை. "பாத்தியா, நம்ப மாட்டேங்கிறாரு" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

அப்போது என் சேலையை யாரோ இழுத்தார்கள்.

"அம்மா, அது செலைம்மா. தலையில காக்கா ஒக்காந்திருக்கு."

மதினி, நான் நிமிரவில்லை. யார் பேசினது என்று தெரிந்தும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். குனிந்தபடியே பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்தாள். "நீங்க கீழயே பாக்குறீங்க. மேல பாருங்க, அது கருப்புத் தொர. அதுக்குக் காது கேக்காது" என்றாள். குரல் கரகரவென்று, திறக்காத கதவைத் திறந்தது மாதிரி இருந்தது. ரெங்கம்மாக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அடப் பாவி, ஒனக்கா இம்புட்டு நேரம் சத்தியம் பண்ணேன்!" என்று அந்தத் துரையைத் திட்டின திட்டை இந்தத் தபசுகாலத்தில் எழுத முடியாது.

நான் புல்லில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்து, "ஏன் ராணி இத்தன நாளாப் பேசல?" என்று கேட்டேன். "சத்தம் போட்டா அப்பா முழிச்சிருவாங்க, அவங்க தூங்கணும்னு அத்த சொன்னாங்க. இன்னும் யாரும் போதும்னு சொல்லல" என்றாள். உங்கள் தம்பியைக் காய்ச்சலில் பார்க்க வந்தபோது நீங்கள் சொன்னது அது. இதைக் குறையாக எழுதவில்லை, மதினி. காய்ச்சல்காரன் படுத்திருக்கும் வீட்டில் பிள்ளையிடம் எல்லோரும் சொல்வதுதான். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேன். போதும் என்று சொல்ல நமக்கெல்லாம் தோன்றவில்லை, அவ்வளவுதான். "அப்பா இனிமே முழிக்க மாட்டாங்க ராணி. நீ எவ்வளவு சத்தம் போட்டாலும் முழிக்க மாட்டாங்க" என்றேன். அழுதாள், வாய் விட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ பேசலாமா?" என்றாள். "பேசு தாயி" என்றேன்.

பேசுகிறாள், மதினி. உள்ளே ஒரு பெரிய மீனின் எலும்பைக் கூரையில் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதன் தோல் எங்கே என்று காவல்காரரைக் கேட்டாள். தொழுதுவிட்டு வந்த ஜாபிர் நானாவிடம், நானா நானா, உங்க தொப்பி ஏன் வட்டம் என்றாள். அவர் மீனுக்குப் பக்கத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் துஆவ அல்லாஹ் கேட்டுட்டான்" என்றார். ரெங்கம்மாக்கா தன் கயிறு என்கிறாள். சாமியார் தன் தீர்த்தம் என்கிறார். மருந்துக்காரர் விளக்கெண்ணெய் வேலை செய்ய நாலு மாதம் எடுக்கும் என்று இப்போது சொல்கிறார்.

ஆகையால் மதினி, கொழும்பில் என்ன இருக்கிறது என்றால் இவ்வளவும் இருக்கிறது. பிள்ளை வாய் திறந்துவிட்டாள். உங்கள் பேச்சுப்படியே அவள் என்னோடுதான் இருக்க வேண்டும். வண்டி கட்டிக்கொண்டு வந்தாலும் அனுப்ப மாட்டேன். ஒரு நாளும் அனுப்ப மாட்டேன். கோபம் வேண்டாம்.

தேவதாய் உங்களையும் அண்ணனையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும். சினைமாடு சுகமாகக் கன்று போடட்டும். உங்கள் தம்பிக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். நானும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள, ஆனால் இந்த ஒரு விசயத்தில் மட்டும் கீழ்ப்படியாத,
றோசாலி.

பின்குறிப்பு: மேலே எழுதினதைத் தபாலில் போடும் முன் நாலு நாள் போய்விட்டது. மதினி, தயவுசெய்து வண்டி கட்டுங்கள். விடிய எழுந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை பேசுகிறாள். பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது, கங்காணிக்கு ஏன் மீசை ஒரு பக்கம் மட்டும் நரைத்திருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டாள். லயமே உங்களைக் கெஞ்சுகிறது. பாஸ்குவுக்கு வந்து கூட்டிப்போய் ஒரு கிழமை, ஏழு நாள், வைத்திருங்கள். பகலில் அண்ணனிடம் விட்டுவிடுங்கள், அவருக்குத்தான் காது மந்தம். ஆனால் ஒரு கிழமைதான். அதற்குமேல் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.