முயலுக்குச் சுறாப்புட்டு

தெரியாத விடயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு ஐம்பது வயதிலும் வரவில்லை. அதன் பலனை ஒரு முயல் அனுபவித்தது.

என் மனைவியின் தமையன் லண்டன் வால்தம்ஸ்டோவில் வீட்டுப் பின்வளவில் முயல் வளர்ப்பவர். பாரிஸில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது, சினையாக இருந்த ஒரு பெண் முயலை ஹரோவிலுள்ள எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். நல்ல இனம். அதன் முதல் ஈற்றுக்காக மனிதர் ஆசையோடு காத்திருந்தார்.

"மச்சான், காய்ஞ்ச புல்லும் தண்ணியும் எப்பவும் இருக்கவேணும். பக்கெற் தீனி அளவாத்தான். குட்டி போடுற நேரம் குறைச்சு, பிறகு மெல்ல மெல்லக் கூட்டும். கொழுத்துப்போனா அடுத்தமுறை சினை பிடிக்காது. மற்றது, பால் குடுக்கிறது..."

"உதெல்லாம் எனக்குச் சொல்லவேணுமே? நான் ஆடு வளர்த்தவன்" என்று வாசலிலேயே அவரை மடக்கி அனுப்பினேன். (இரண்டே இரண்டு ஆடு. வளர்த்தது அம்மா.)

முயல் தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போட்டு, அதில் ஏழு குட்டிகளை ஈன்றது. அதுவரை எல்லாம் சரி. பிறகு தாய் அந்தப் பக்கமே போகவில்லை. மூலையில் இருந்து புல்லை மென்றபடி, யாரோ பெற்ற பிள்ளைகள் என்பதுபோல இருந்தது. காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், பின்னேரமும் பார்த்தேன். ஆட்டுக்குட்டி என்றால் தாயின் மடியை விடாதே! போன் எடுத்தால் கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் மச்சானுக்குக் கேட்கவில்லை. குட்டிகள் பட்டினியில் செத்துவிடும் என்று உண்மையாகவே பயந்துவிட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பால் இல்லைப்போல. சுறாப்புட்டு அவிச்சுக் குடுங்கோ, சுரக்கும்" என்றாள். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் வீடுகளில் கொடுப்பதைப் பகிடிக்குத்தான் சொன்னாள். நான் காரை எடுத்துவிட்டேன்.

மீன்கடை அக்கா, "பால்சுறாவே? ஆருக்குத் தம்பி பிள்ளை பிறந்தது?" என்று கேட்டார். முயலுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "வீட்டிலைதான் அக்கா" என்றேன். அவருடைய கண்கள் விரிந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை.

சுறாவை அவித்து, உதிர்த்து, புட்டோடு குழைத்து (உறைப்பைக் குறைத்துத்தான்) முயலுக்கு முன்னால் வைத்தேன். அது ஒருமுறை மணந்து பார்த்தது. திரும்பி நின்று பின்னங்காலால் தட்டைக் கவிழ்த்தது.

"முயல் மீன் மச்சம் தின்னாதெண்டுகூடத் தெரியாதே உங்களுக்கு?" என்று மனைவி தலையில் கை வைத்தாள்.

அந்த நேரம் மச்சான் அழைத்தார். முழுக்கதையையும் கேட்டுச் சிரித்து முடித்து, "குட்டியளின்ரை வயிறைப் பாரும்" என்றார். பார்த்தேன். ஏழு வயிறும் ஊதிய பலூன் மாதிரி இருந்தன.

"அப்ப குடிச்சிட்டினம். தாய் நாளுக்கு ஒருக்காவோ ரெண்டு தரமோ வந்து, கொஞ்ச நிமிசம் குடுத்திட்டுப் போயிடும். அதைச் சொல்லத்தானே வந்தனான், நீர் விட்டாத்தானே!"

சிந்திக் கிடந்த புட்டுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நிம்மதி.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும், அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த மூன்று தாய்மார், மீன்கடை அக்கா சொன்னதை நம்பி, குழந்தைச் சவர்க்காரமும் கம்பளித் தொப்பியுமாக எங்கள் வாசலில் நின்றார்கள். கதவைத் திறந்தவள் நாற்பத்தெட்டு வயதான என் மனைவி. "ஐயோ, நீங்கள் ஏன் எழும்பி வந்தனீங்கள்?" என்று பதறினார்கள். அவள் பின்வளவைக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க இங்கே இடம் போதாது.

ஏழு குட்டிகளும் பிழைத்தன. ஒன்றை மச்சான் எங்களுக்கே தந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் இருக்கும் மகள் இன்றும் போன் எடுத்தால், எங்களை விசாரிக்க முதல், "தங்கச்சி சாப்பிட்டவளோ?" என்றுதான் கேட்கிறாள்.

"ஓம்" என்பாள் மனைவி. "உன்ரை அப்பாவைவிட யோசிச்சுச் சாப்பிடுறாள்."