மண்ணில் வாயு என்றதும் நான் தண்ணீர் ஊற்றிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எங்கள் வீட்டுக் கொல்லையைத் தவிர அனைவரும் சுகம். அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமென்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அந்த நலம் நீடிக்கட்டும்.

போன வாரம் உங்கள் பெண் தொலைபேசியில் உங்களிடம், “மாமா என் ஒரு வருஷ வேலையைத் தண்ணியில போட்டுட்டார்” என்று சொன்னது அடுத்த அறையிலிருந்த என் காதில் விழுந்தது. ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். எழுத்துக்கு எழுத்து உண்மை, சம்பந்தி.

கல்யாணம் பேசும்போதே பெண்ணுக்கு மண்ணை ஆராயும் வேலை என்று சொன்னீர்கள். என் வீட்டு மண்ணையே ஆராய்வாள் என்று சொல்லவில்லை. கொல்லையில் எட்டுத் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துக் குழாய் சொருகியிருந்தாள். என்னம்மா இது என்று கேட்டேன். “காத்துல மீத்தேன்னு ஒரு வாயு இருக்கு மாமா. பூமி சூடாகுறதுக்கு அதுவும் ஒரு காரணம். காஞ்ச மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் அதைச் சாப்பிட்டுடும். நம்ம கொல்லை மண்ணு நல்லாவே சாப்பிடுது” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்: “அது எரியுமா?” “எரியும் மாமா, ஆனா” என்றபோது அவளுடைய கைப்பேசி அடித்தது, எழுந்து போய்விட்டாள். முப்பத்தோரு வருடம் தீயணைப்பு வண்டி ஓட்டியவன் நான். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன வந்திருக்கும் என்று யோசிக்க எனக்குப் பயிற்சி இல்லை.

மறுநாளிலிருந்து தினமும் அவள் ஆய்வுக்கூடம் கிளம்பியதும் ரப்பர் குழாயை எடுத்துத் தொட்டிகளைச் சுற்றி மண்ணை நன்றாக நனைத்தேன். மாலைக்குள் வெயிலில் மேல்மண் காய்ந்துவிடும், அடியில் ஊறிக் கிடப்பது யாருக்கும் தெரியாது. ஈரம் பார்க்கும் கருவியோ ரிப்பேருக்குப் போயிருந்தது. இரண்டு வாரம் கழித்துச் சாப்பிடும்போது, “விசித்திரமா இருக்கு மாமா, மண்ணு வாயுவைச் சாப்பிடறதை நிறுத்திடுச்சு” என்றாள். நான் பதறிப்போய்த் தண்ணீரை இரண்டு மடங்காக்கினேன். அடுத்த வாரம், “இப்ப மண்ணுல இருந்தே வாயு வெளிய வருது” என்றாள். பரண்மேல் கிடந்த பழைய பூட்ஸை இறக்கிப் போட்டுக்கொண்டு மேல்தொட்டி காலியாகும்வரை அடித்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் ஊற்றினேன், நான் ஊற்ற ஊற்ற வாயு கூடியது. பற்றிக்கொள்ளும் அளவுக்கு அந்த வாயு அங்கே இல்லவே இல்லை, தண்ணீர் தேங்கினால் மண்ணுக்குள் காற்றுப் போகாது, வாயுவைத் தின்னும் உயிர்கள் முடங்கிவிடும், வாயுவை உண்டாக்கும் உயிர்கள் கொண்டாட்டம் போடும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அணைப்பதாக நினைத்து நான் ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒருநாள் அவளுடைய தலைமை விஞ்ஞானி அம்மாள் இரண்டு பேரோடு வந்து இறங்கினார். “சூடு கூடினா மண்ணு கட்சி மாறும்னு சந்தேகப்பட்டோம். இவ்வளவு சீக்கிரம்னு நினைக்கல. இதை உலகத்துக்கே சொல்லணும்” என்றார். உங்கள் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு வெளிச்சம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்குள் மாதிரி எடுக்க ஒருவர் மண்வெட்டியை வைத்தார், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மழை பெய்து நாலு மாதம்.

“நான்தான்” என்றேன்.

“என்ன மாமா நீங்கதான்?”

“தண்ணி. பத்திக்குமோன்னு பயந்து.”

தலைமை அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். உங்கள் பெண் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. வீடு எரிந்தவர்களின் முகத்தை எத்தனையோ பார்த்திருக்கிறேன், அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் நோட்டோடு வந்தாள். “எத்தனை நாள் ஊத்துனீங்க, எவ்வளவு நேரம்? சரி, இன்னியோட குழாயை மூடுங்க. தண்ணி வடிஞ்ச மண்ணு மறுபடி வாயுவைச் சாப்பிட எத்தனை நாள் ஆகும்னு பார்ப்போம். இனிமே மழை தாறுமாறா பெய்யப்போகுது மாமா, இதுவும் தெரிஞ்சாகணும்.” அன்றிலிருந்து பதினோரு நாளாகக் கொல்லையில் ஒரு சொட்டு விழவில்லை, நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறேன். ஈரம் பார்க்கும் கருவி இன்னும் ரிப்பேரிலிருந்து வரவில்லை, வாயுவோ குறைந்தபாடில்லை. வெயிலில் காய்ந்தும் மண் பழைய நிலைக்குத் திரும்ப மறுக்கிறதே என்று தலைமை அம்மாளுக்கே ஆச்சரியம். இதைப் பற்றிப் புதிய கட்டுரை தயாராகிறது, நன்றி சொல்லும் இடத்தில் நானும் இருக்கிறேனாம். உங்கள் பெண் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆகவே தாங்கள் கோபப்பட ஒன்றுமில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவரின் உடம்பும் உங்கள் வீட்டு மண்ணும் என்றும் நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். “பதினோரு நாளா ஒரு சொட்டு விழலையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “சலவை மெஷின் தண்ணி போற குழாய் அடைச்சு ரெண்டு வாரமாச்சு. நீங்க காலையில நடக்கப் போற நேரத்துல அத்தனை வாளியையும் நான் எங்க கொட்டுறேன்னு நினைச்சீங்க?” என்றாள். உங்கள் பெண் மாடியில் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டேன், இந்தத் தடவை பெற்ற தகப்பன் சொல்வதுதான் முறை. உடனே கிளம்பி வரவும்.