லவேல் வீட்டு கேட்

பெர்னடெட் மூன்றாவது முறையாக ஹாரனை அழுத்தினாள். இரும்பு கேட் திறக்கவில்லை. அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்தான் மிரண்டு ஓடின.

"எல்லாம் சினை ஆடு! எந்த மடையன் ஹாரன் அடிக்கிறது?"

கத்திக்கொண்டே வந்தவரின் ரப்பர் பூட்ஸ் முழுக்கச் சாணி.

பெர்னடெட் இறங்கினாள். "நாங்க லவேல் குடும்பம். பாஸ்டன்லேர்ந்து அயர்லாந்து வரைக்கும் வந்திருக்கோம். இது எங்க தாத்தா பிறந்த வீடு."

"இது மாலகி லவேல் வீடு. அது நான்தான். இந்த மாயோ மாவட்டத்துல ஒரு கல்லை விட்டெறிஞ்சா ஏதாவதொரு லவேல் மண்டையிலதான் விழும். போன வருஷமும் ஒரு கூட்டம் வந்து, தாத்தா வீடுன்னு அழுதுட்டு, என் கோழிக்கூண்டைப் படம் எடுத்துட்டுப் போச்சு."

பெர்னடெட்டுக்குக் காது சூடானது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அப்பா இறந்தார். கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். 'மூணு பேரும் சேர்ந்து போய் அந்த வீட்டைப் பாருங்க.' நாளைக் காலையில் விமானம். இன்று விட்டால் அவ்வளவுதான்.

அப்பாவின் படத்தைக் கேட் கம்பி வழியே நீட்டினாள். மாலகி குனிந்து பார்த்தார்.

"இங்க வழுக்கை விழுந்தவன் எல்லாம் இப்படித்தான் இருப்பான்."

"கண்ணைத் திறந்து பாருங்க!"

"அக்கா, கத்தாதே" என்றான் தம்பி டெஸ்மண்ட். "வழியை மறிச்சுட்டு நிக்கிறோம். முதல்ல காரை எடுப்போம். அப்புறம் மரியாதையா பேசலாம்."

மரியாதையாகத்தான் காரில் ஏறிப் பின்னால் எடுத்தான். கார் இடித்து, சாந்து பூசாமல் அடுக்கிய கல்சுவர் சரசரவென்று சரிந்தது. அந்த இடைவெளி வழியாக ஆடுகள் ஒவ்வொன்றாகச் சாலைக்கு வந்தன.

"நான் மடக்குறேன்!" என்று சின்னவள் நோரீன் சிவப்பு மழைக்கோட்டை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு ஓடினாள். ஆடுகள் நேராக மாலகியின் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் புகுந்தன.

முற்றத்தில் டிராக்டரைக் கழற்றிப் போட்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மாலகி அவரைக் கூப்பிடவில்லை. விசிலடித்து நாயைக் கூப்பிட்டார். நாய் ஒரு சுற்றுச் சுற்றி ஆடுகளை உள்ளே தள்ளியது. மாலகி கல் பொறுக்கத் தொடங்கினார்.

"உனக்குக் கண்ணு எங்கடா இருந்துச்சு?" என்று பெர்னடெட் தம்பியிடம் பாய்ந்தாள்.

"நீ ஹாரன் அடிக்காம இருந்திருந்தா அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்திருப்பான்!"

பெர்னடெட் நோரீனின் பக்கம் கையை நீட்டினாள். "அவ மட்டும் என்ன, காளைமாட்டை விரட்டுற மாதிரி..."

"என்னை ஏன்க்கா இழுக்குறே? உதவி பண்ணத்தானே போனேன்?"

"உதவியா? அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப எங்கடி போச்சு உன் உதவி? ரெண்டு பேரும் போன்லயே பாசத்தைக் கொட்டிட்டு இருந்தீங்க. அள்ளிப் போட்டது நான்!"

நோரீனின் முகம் வெளுத்துப்போனது. "இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"நானும்தான்" என்றான் டெஸ்மண்ட்.

மூவரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் நாய் வந்து உட்கார்ந்து மூச்சிரைத்தது.

டெஸ்மண்ட் அதனிடம் குனிந்தான். "நாயே, அந்த அம்மாகிட்ட சொல்லு. கார் சாவி என்கிட்ட இருக்கு. வேணும்னா வந்து ஏறிக்கலாம்."

"நாயே, அவன்கிட்ட சொல்லு. அவன் ஓட்டுற கார்ல ஏறுறதுக்குப் பதிலா நான் பாஸ்டனுக்கு நீந்தியே போயிடுவேன்."

"நாயே, ரெண்டு பேர்கிட்டயும் சொல்லு. நான் நடந்து போறேன்."

நாய் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மாலகி கையில் கல்லோடு அப்படியே நின்றுவிட்டார்.

நோரீன் ஒரு பக்கம் நடந்தாள். டெஸ்மண்ட் காருக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். பெர்னடெட் அப்பாவின் படத்தைப் பைக்குள் வைத்தாள். கூப்பிடு தூரத்தில் வீடு. மூணு பேரும் சேர்ந்து என்றாரே அப்பா. சேர்ந்து வந்த லட்சணம் இதுதான். கோபத்திலும் அவளுக்குக் கண் கலங்கியது.

அப்போது டிராக்டர்காரர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். மாலகியின் பக்கம் திரும்பவே இல்லை. கீழே பார்த்துச் சொன்னார்:

"நாயே, என் அண்ணன்கிட்ட சொல்லு, கேட்டைத் திறந்துவிடச் சொல்லி. இவங்க நம்ம குடும்பந்தான்."