ஆமா சொல்லத் தெரியாத ரைட் அண்ணாச்சி

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களிலேயே ‘ஆமா’ என்கிற இரண்டெழுத்தைச் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ரைட் அண்ணாச்சிதான். பந்தியில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டால் ‘ரைட்’ என்பார். ‘பேத்தி பாஸாயிட்டாளாமே?’ என்றால் ‘ரைட், ரைட்.’ அவருடைய கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டச் சொன்னது ஐயர் இல்லையாம். மாப்பிள்ளையே ‘ரைட்’ கொடுத்த பிறகுதான் மேளக்காரர் அடித்தாராம். அவர் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சேரன்மகாதேவிக்கும் திசையன்விளைக்கும் இடையே ஓடிய பஸ்ஸில் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

நான் வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவள். எங்கள் குழுவில் என் அண்ணன் பெண்சாதி, அதாவது மதினி, முன்னால் உட்கார்ந்து வில்லில் கோலை வீசிச் சாமி கதை பாடுவாள். நான் பக்கத்தில் மண்குடத்தை வைத்துக்கொண்டு அதன் வாயில் மட்டையால் அடிப்பேன். மதினி ஒவ்வொரு வரி முடிக்கும்போதும் உடுக்கைக்காரர், தாளக்காரர், நான் மூன்று பேரும் ‘ஆமா’ என்று போடவேண்டும். உண்மையைச் சொன்னால், ஆட்களைக் கண்டாலே எனக்குக் கூச்சம். ஒளிந்துகொள்ளத் தோதாக ஒரு குடம் இருக்கிறதே என்றுதான் அந்த வேலைக்கே வந்தேன். நாற்பது வருடம் ஒளிந்திருந்தேன்.

அப்படி இருந்தவளைப் போய் ஆசிரியர் ஆக்கிவிட்டார்கள். டவுனிலிருந்து ஒரு மேடம் ஃபைலோடு வந்தாள். கலை சொல்லிக்கொடுக்கும் திட்டமாம். ஒரு கலைஞர், ஒரு மாணவர், பத்து மாதம். இரண்டு பேருக்கும் மாதாமாதம் உதவித்தொகை. கடைசியில் ஒரு குழு வந்து பார்க்கும். மாணவர் தேறினால் சான்றிதழும் மேடையில் இடமும் உண்டு. தேறாவிட்டால் மறுபடி எழுதலாம், ஆனால் அறுபத்திரண்டு வயதைத் தாண்டக்கூடாது. விண்ணப்பம் போட்டது ஒரே ஆள். அவருக்கு வயது அறுபத்தொன்றரை.

முதல் நாள் தோள்பை, கழுத்தில் விசில் சகிதம் வந்து சேர்ந்தார். வாசலில் நின்று வீட்டில் எத்தனை பேர் என்று ஒருதரம் எண்ணினார்.

“உள்ள எடம் கெடக்குல்லா, வழியில ஏன் நிக்கீய? பையப் பைய உள்ள போங்க” என்று என் வீட்டுக்குள் என்னையே போகச் சொன்னார். நானும் தலை நிமிராமல் போய்விட்டேன். நேராக அடுக்களைக்கு. வெளியே வரவில்லை.

முதல் மாதப் பாடம் பூராவும் அடுக்களைக் கதவு வழியாகத்தான் நடந்தது. உள்ளே நான் பானை மூடியில் தட்டுவேன். வெளியே அவர் குடத்தில் அடிப்பார். தப்பாக அடித்தால் ஒரு டம்ளரைக் கீழே போடுவேன். ஒரு நாளைக்கு நாற்பது டம்ளராவது விழும். எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து, “ஏக்கா, உள்ள யாரும் சண்டை போடுதாவளா?” என்று கேட்டாள்.

“இல்லத்தா, கிளாஸ் நடக்கு” என்றார் அண்ணாச்சி பெருமையாக.

கை என்றால் அப்படி ஒரு கை. ஓடுகிற பஸ்ஸின் தகரத்தை அடித்தே பழகின கை. மண்குடம் என்ன செய்யும்? மணிமுத்தாறு அணையைத் திறந்தது மாதிரி ஒவ்வொரு குடமும் திறந்துகொண்டது. ஏழாவது குடம் உடைந்தபோது, குடம் செய்கிற வேளார் அண்ணாச்சியை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். “திட்டத்த இன்னும் ரெண்டு வருசம் நீட்டச் சொல்லுங்கம்மா” என்று அடுக்களைக் கதவைப் பார்த்துச் சொன்னார்.

ஆனால் எட்டாவது குடம் உடையவில்லை. அது பேச ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அவர் எழுந்து நின்று, “வாத்தியாரம்மா, உங்க முகம் இப்படித்தான் இருக்குமா!” என்றார்.

இரண்டு வினோதப் பழக்கங்களை மட்டும் என்னால் மாற்றமுடியவில்லை. ஒன்று, திரும்பிப் பார்ப்பது. மட்டையைத் தூக்குவதற்கு முன்னால் கழுத்தைத் திருப்பி எல்லாரும் உட்கார்ந்தாச்சா என்று பார்ப்பார். ஒருநாள் மதினி வில்லை எடுத்துத் தயாராக இருக்கிறாள், இவர் அடிக்கவே இல்லை.

“என்னவே பாக்கீரு?” என்றாள் மதினி. அவள் யாரையும் அப்படித்தான் கேட்பாள்.

“பூனை பாதிப் படியில நிக்கி. ஏறட்டும்.”

“ஏளா, உன் மாணவரு பூனைக்கு ஸ்டாப்பிங் போடுதாரு!” என்று மதினி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பழகிட்டு மதினி” என்றார் அவர். “ஓடியாரவுக முகத்தப் பாத்த பெறவு எப்படி விசிலு ஊதுதது? பஸ்ஸுக்குள்ள இருக்கவன் பூராவும் ஏசுவான். ஏசட்டுமே.”

இரண்டாவதுதான் பெரிய தலைவலி. ‘ஆமா’ வரவே இல்லை.

மதினி, “அம்மை பொறந்தாளே, அழகாகப் பொறந்தாளே” என்று பாடுவாள். “ரைட்!” என்பார். அதுகூடப் பரவாயில்லை. “மாடன் வெட்டுப்பட்டு மண்ணுல சாஞ்சானே” என்று அவள் குரல் தழுதழுக்கும்போது, “ரைட், போலாம்!” என்றார். மதினி வில்லைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங்கனவே போகச் சொல்லுதீரு? சாமியே இப்பத்தான் செத்துருக்கு!”

வைத்தியம் எல்லாம் பார்த்தோம். வாயில் கொட்டைப்பாக்கை ஒதுக்கிக்கொண்டு சொல்லச் சொன்னேன். பாக்கு முற்றத்தில் போய் விழுந்தது, ‘ரைட்’ மட்டும் சுத்தமாக வந்தது. வீட்டில் ஒரு வாரம் எதற்கும் ‘ஆமா’ மட்டுமே சொல்லவேண்டும் என்று அவர் பெண்சாதியிடம் சொல்லிவிட்டேன். அவள் அதைச் சாக்காக வைத்து, “எங்க அக்கா வந்து ஒரு மாசம் இங்கன இருக்கட்டும், என்னா?” என்று கேட்டிருக்கிறாள். இவர் ‘ஆ’ வரைக்கும் வந்து, முகம் சிவந்து, ‘ஆ… ரைட்’ என்றாராம். ‘ஆமா’ வரவில்லை, அக்கா வந்துவிட்டாள்.

ஒன்பதாவது மாதம் மதினி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். “அண்ணாச்சி, பென்சன் வருது, வீட்ல சும்மா இருக்கலாம்லா? இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு?”

அவர் சிரிக்கவில்லை. குடத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “முப்பத்திரண்டு வருசம் நின்னே போயாச்சு மதினி. அத்தனை சனம் ஏறி எறங்குச்சு. எல்லாரும் என் கையத்தான் பாத்தாக, முகத்த யாரும் பாக்கல. ஒரே ஒரு தடவை அந்தச் சனத்துக்கு முன்னால நான் உக்காரணும். அவுக நிமிந்து என்னியப் பாக்கணும். அம்புட்டுத்தான்.”

நான் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன். இந்தத் தடவை கூச்சத்தினால் இல்லை.

பரீட்சை நாள் வந்தது. பக்கத்து ஊர் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழா, மதிய வில்லுப்பாட்டு. மேடைக்கு முன்னால் தேர்வுக் குழுவுக்கு மூன்று நாற்காலி. நடுவில் தலைவர், கண்ணாடி போட்ட பெரியவர், மடியில் மார்க் போடுகிற தாள். மேடம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் பூராவும் அந்த பஸ்ஸில் போய்வந்த சனம்தான். “ஏலே, அங்கன பாரு, நம்ம ரைட்டு!” என்று சத்தம்.

நான் அவரிடம் ஒரே புத்திமதி சொல்லியிருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது. தலையை ஆட்டினார். ‘ரைட்’ என்று சொல்வதற்குள் நான் நகர்ந்துவிட்டேன்.

மேடைக்குப் பக்கத்தில் கீழே நின்று பார்த்தேன். குடம் அன்றைக்குப் பேசின பேச்சு நான் நாற்பது வருடத்தில் பேசவைத்ததில்லை. அரைமணி நேரம் கழித்து மேடம் என் காதில் வந்து சொன்னாள். “அம்மா, குடம் ரொம்ப நல்லாயிருக்காம். ஆனா பின்பாட்டும் பாடத்துல இருக்கு, வாயத் திறக்காம இருந்தா மார்க் போட முடியாதுன்னு சொல்றாங்க.”

வேறு வழியில்லை. அவரைப் பார்த்து வாயைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

கதையில் அப்போது இசக்கியம்மை கைப்பிள்ளையோடு வெள்ளத்தைக் கடக்கிற இடம். “இடுப்புல பிள்ளையோட எறங்கினாளே ஆத்துல” என்று மதினி நிறுத்தினாள்.

“ரைட்!”

பந்தல் குலுங்கிச் சிரித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். போச்சு என்று நினைத்தேன்.

அடுத்த வரியில்தான் அது நடந்தது. சாம்பிராணிப் புகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மதினியின் தொண்டையில் இறங்கிவிட்டது. “கழுத்தளவு தண்ணியில…” என்றவளுக்கு மூச்சு முட்டிப்போனது. கண் பிதுங்குகிறது, குரல் இல்லை. உடுக்கைக்காரரும் தாளக்காரரும் பழக்கதோஷத்தில் ‘ஆமா’ போட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாளத்தைத் தூக்கிவிட்டார்கள். நான் அங்கே இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அண்ணாச்சி மட்டும் போகவில்லை. திரும்பிப் பார்த்தார். மதினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடத்தைச் சன்னமாக, பையப் பைய அடித்தார். நிறுத்தத்தில் நிற்கிற பஸ் உறுமிக்கொண்டே நிற்குமே, அந்த மாதிரி. ஓடிவருகிறவள் ஏறட்டும் என்று. மற்ற இரண்டு பேரும் தாளத்தை இறக்கி அவரோடு சேர்ந்துகொண்டார்கள். தண்ணீரில் கழுத்தளவு நிற்கிற அம்மைக்காக அவ்வளவு சனமும் காத்திருந்தது. மதினி இருமினாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள், கோலை ஓங்கினாள்.

“கரையேறி வந்தாளே, எங்க அம்மை!”

“ரைட்ட்ட்!”

இந்தத் தடவை அவர் தனியாகச் சொல்லவில்லை. பந்தலே சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஐந்நூறு பேர் ‘ரைட்’ போட்டார்கள். சாமியாடி ஒருத்தர் அதே தாளத்துக்கு ஆடினார். கிழவிகள் குலவை போட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் தலைவர் எழுந்தார். “குடம் அருமை. ஆனா ‘ஆமா’ங்கதுதான் மரபு. ‘ரைட்’டுக்கு நான் எப்படி மார்க் போட முடியும்?”

அண்ணாச்சி மட்டையைக் கீழே வைத்தார். எழுந்து பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் கம்பியைப் பிடித்து நிற்கிற அதே நிற்பு. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

எப்படி மேடை ஏறினேன் என்று கேட்காதீர்கள். குடத்துக்கு முன்னால் வைத்திருந்த மைக் என் கையில் இருந்தது.

“ஐயா, நான் அஞ்சாங் கிளாஸ்தான். தப்பா இருந்தா பொறுத்துக்கிடணும். முன்னால பாடுதவ தனியா இல்ல, பின்னால ஆளு இருக்குன்னு காட்டத்தான் நாங்க ‘ஆமா’ போடுதோம். இன்னைக்கி ‘ஆமா’ போட்டவுக யாரும் அவ மூச்சு நின்னதப் பாக்கல. இவுக ஒருத்தருதான் திரும்பிப் பாத்தாக. அது நான் சொல்லிக்குடுத்த பாடம் இல்லய்யா, எனக்கே தெரியாத பாடம். பெயில் போடணும்னா வாத்தியாருக்குப் போடுங்க. அவுகள உக்காரச் சொல்லுங்க.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழவி, “அண்ணாச்சி, உக்காருங்க! நீங்க நின்னது போதும்!” என்று கத்தினாள். அதையே எல்லாரும் கத்தினார்கள். சிரித்தும் அழுதும் ஒரே கூச்சல்.

அண்ணாச்சி உட்கார்ந்தார். அவ்வளவு சனமும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது.

தலைவர் தாளை மடியில் வைத்து வெகுநேரம் எழுதினார். மேடம் அதை வாங்கி மைக்கில் வாசித்தாள். “குடம்: மிக நன்று. பின்பாட்டு: நன்று. வகை: பேருந்து மரபு.” அன்றைக்குப் போட்ட வேட்டுச் சத்தத்தில் வயல் கொக்கெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இப்போது எனக்கு முழங்காலை மடக்கி உட்கார முடிவதில்லை. குடம் அவரிடம்தான் இருக்கிறது. கொடைக்குப் போனால் முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பார்கள். மதினி வில்லோடு தயாராக இருந்தாலும், நான் வந்து உட்காரும்வரை அண்ணாச்சி மட்டையைத் தூக்கமாட்டார். கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அதற்காகவே நான் கொஞ்சம் பையத்தான் நடந்து போவேன்.