யாதி நிபுணர்

இனி என் மனைவி என் கிளினிக்கின் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கும்போது முடிவு செய்தேன். வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு அறிவிப்பதற்குள் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது.

"நீ கிளினிக் பக்கம் வராம இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது."

"யாருக்கு?"

"பொதுவா."

நான் தோல் மருத்துவன். அதிலும் புத்தம் புதியவன். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு முன்னறையும் பின்னறையும் வாடகைக்குப் பிடித்திருந்தேன். பின்னறை எனக்கு. முன்னறையில் எட்டு நாற்காலி, ஒரு மேசை. தகராறு அந்த மேசையைப் பற்றித்தான். என் மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். ஊரார் பிழைகளைத் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டதாம். வேலையை விட்டுவிட்டு, அந்த மேசையில் உட்கார்ந்து, கிளினிக்கை நிர்வாகம் செய்ய வேண்டுமாம். வீட்டில் நான் எப்படி நிர்வகிக்கப்படுகிறேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் பயந்தேன்.

"சரி, ஒரு பந்தயம்," என்றாள். "என் கை படாம ஒரே மாசத்துல முப்பது பேரை வரவச்சுக் காட்டுங்க. அப்புறம் அந்த மேசையைப் பத்திப் பேசவே மாட்டேன். முடியலைன்னா மேசை எனக்கு."

"உன் சுண்டுவிரல் கூடப் படாம!" என்றேன் வீரமாக.

பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் நானே போனேன். ஒரு தாளில் 'தோல் வியாதி நிபுணர்' என்று எழுதி, கீழே என் பெயரையும் பட்டங்களையும் போட்டுக் கொடுத்தேன். நான்காம் நாள் பலகை வந்தது. மாட்டினார். அண்ணாந்து பார்த்தேன். எல்லா டாக்டர்களையும் போல நானும் என் பெயரையும் அதன் வாலில் தொங்கும் எழுத்துக்களையும் மட்டும்தான் படித்தேன். கண் நிறைந்துவிட்டது. மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

பிறகு பின்னறைக்குப் போய், நான்கு நாளாகக் கண்டுகொண்டிருந்த கனவைத் தொடர்ந்தேன்.

கனவு காண அதைவிட நல்ல இடம் கிடையாது. வெள்ளைத் திரை. மெல்லச் சுற்றும் மின்விசிறி. மதியம் இரண்டு மணி வெயில் திரையில் வடிந்து இறங்கி, கொட்டிய பால் மாதிரி தரையில் பரவும். அந்த வெளிச்சத்தின் வழியாக நோயாளிகள் வருவார்கள். படை வந்தவர்கள் படையெடுத்து வருவார்கள். வரிசை தெருமுனையில் வளைந்து, அடுத்த தெருவுக்குள் நுழைந்து, கண்ணுக்கு எட்டாமல் போகும். நான் யாரோ ஒருவரின் கையைப் பிடித்து மெதுவாகத் திருப்புவேன். என் விரல் பட்ட இடமெல்லாம் நேற்றுப் பிறந்த குழந்தையின் தோலாக மாறும். அவர் அழுவார். நானும் கொஞ்சம் அழுவேன். மின்விசிறி கிறீச்சிடும். கண் திறந்தால் எட்டு நாற்காலியும் எட்டாகவே இருக்கும்.

நான்கு நாள் ஈ ஓட்டினேன். ஐந்தாம் நாள் ஈயும் வரவில்லை.

ஆறாம் நாள் ஒருவர் வந்தார். தையல்காரர். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். கனவா என்று மேசையைக் கிள்ளிப் பார்த்தேன். பிறகு சரியாக என்னையே கிள்ளிக்கொண்டேன்.

"எத்தனை நாளா இருக்கு?"

"எட்டு வருஷமா, டாக்டர்."

"முதல்ல எந்த அங்கத்துல வந்தது?"

"அங்கத்துல இல்ல டாக்டர், சங்கத்துல. தையல்காரர் சங்கத் தேர்தல்ல."

தேர்தல் நேரத்தில் வெயிலில் அலைந்திருப்பார் என்று குறித்துக்கொண்டேன்.

"இப்பப் பரவியிருக்கா?"

"வீட்டுக்கும் வந்துடுச்சு. சம்சாரத்துக்கிட்ட தினம் ரெண்டு வேளை."

"அரிக்குதா?"

"உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு, டாக்டர்."

"உள்ளுக்குள்ளன்னா களிம்பு தடவ முடியாதே!"

அவர் அரை மணி நேரம் பேசினார். நான்கு தேர்தல், நான்கு சின்னம், நான்கு தடவையும் அதே எதிராளி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் முதல் நோயாளி அல்லவா, காதலியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது வாசலில் நின்றார். முன்னறையை எட்டிப் பார்த்தார். மேல் பொத்தானைக் கழற்றினார்.

"வந்ததுதான் வந்தோம்... இதையும் ஒரு பார்வை பார்த்துடுங்களேன்."

பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குப் படை. மூன்று வருடமாம். யாரிடமும் காட்டியதில்லையாம். களிம்பு எழுதிக் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வர ஆரம்பித்தார்கள். வியாபாரத்தில் நொடித்தவர் வந்தார். கடைசியில் செருப்பைக் கழற்றிக் குதிகால் வெடிப்பைக் காட்டினார். காதலில் தோற்றவர் வந்தார். தலையில் பொட்டலாக முடி கொட்டியிருந்தது. பரீட்சையில் மூன்று முறை விழுந்த பெண் வந்து ஒரு கைக்குட்டை முழுவதையும் அழுது நனைத்தாள்.

"ஏம்மா, இதையெல்லாம் என்கிட்ட ஏன் சொல்றே?"

"நீங்கதானே டாக்டர் போர்டு போட்டிருக்கீங்க?"

அவளுடைய முகப்பருவுக்கு மருந்து எழுதி அனுப்பிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். எதிர்ப்பக்கம் போய் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக என் பலகையை முழுவதும் படித்தேன். முதல் வரியில், ஆள் உயரத்துக்கு: தோல்வி. இரண்டாவது வரியில்: யாதி நிபுணர். அதன் கீழே, சந்தேகத்துக்கே இடமில்லாமல், நான்.

யாதி என்றால் என்னவென்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. வெளிநாட்டுப் படிப்பு என்று நினைத்திருப்பார்கள்.

உடனே மாற்றுவதுதான் நேர்மை. ஆனால் அதற்குள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். நேர்மை மாதக் கடைசியில் வந்தால் போதும் என்று முடிவு செய்தேன். மனைவி கண்ணில் மட்டும் பலகை படக் கூடாது. பட்டால் பிழை திருத்தாமல் விடமாட்டாள்.

"கிளினிக் தெருவுல பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க. அந்தப் பக்கம் போயிடாதே."

"ஆழமா?"

"ரொம்ப."

"நீங்க எப்படிப் போறீங்க?"

"தாண்டி."

"பார்த்துத் தாண்டுங்க," என்றாள், கையிலிருந்த அச்சுத்தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

மாதம் முடிந்தது. முப்பத்தொரு பேர். காற்றில் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். தரை கால் படும் உயரத்தில் இல்லை.

"முப்பத்தொண்ணு! மேசை பேச்சு இனிமே கிடையாது!"

அவள் எழுந்து போய் ஒரு தாளைக் கொண்டுவந்து விரித்தாள். என் கையெழுத்து. 'தோல் வியாதி நிபுணர்'. தோலுக்கும் வியாதிக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சிவப்பு மையால் சேர்த்திருந்தது. 'வி'க்கும் 'யா'வுக்கும் நடுவே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் அழகாக அவள் கையொப்பம்.

"போர்டுக்காரர் வந்தார். எழுத்து ஒரு வரியில கொள்ளலையாம். உங்களைக் கேக்கலாம்னு போனா, நீங்க கண்ணை மூடிச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களாம். எழுப்ப மனசு வரலையாம். எங்க மடக்கட்டும்னு என்னைக் கேட்டார். மடக்கிக் கொடுத்தேன்."

"தப்பா மடக்கியிருக்கே! நீ பிழை திருத்துறவ!"

"தோல் வியாதின்னு போட்ட வாசல்ல யாருங்க நுழைவாங்க? இவனுக்கு எங்க என்னவோன்னு தெருவே பார்க்கும். தோல்வின்னா? அது யாருக்குத்தான் இல்ல! தைரியமா வருவாங்க. நல்லாப் பேசுவாங்க. அப்புறம் தானா சட்டையைத் தூக்குவாங்க."

தையல்காரர் மூன்று வருடமாகப் போட்டு வைத்திருந்த அந்தப் பொத்தான் நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது சரி. படிப்பு முழுக்க எனக்கு யாரும் சொல்லித் தராதது. எனக்கு அவள்மேல் பெருமையாக இருந்தது. உடனே பயமாகவும் இருந்தது.

"அதெல்லாம் சரி. முப்பது பேர் வந்தாச்சு. ஜெயிச்சது நான்தானே?"

"என் கை படாமத்தானே பந்தயம்?" என்று சிவப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "சுண்டுவிரல்னு சொன்னது நீங்க."

திங்கட்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் அவள் மேசையில் இருந்தாள். எட்டு நாற்காலியும் நிரம்பி, சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். கனவில் பார்த்த அதே வெளிச்சம். குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "உன்கிட்ட ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும்."

தலையை நிமிர்த்தாமல் ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினாள். "அப்படி ஓரமா நில்லுங்க. வரிசைப்படி கூப்பிடுறேன்."

நின்றேன். நெடுநேரம் யாரும் உள்ளே போகவில்லை, யாரும் வெளியே வரவில்லை. பக்கத்தில் நின்றவர் பொறுமை இழந்து என் பக்கம் சாய்ந்தார்.

"ஏன் சார், டாக்டர் எப்பதான் வருவாரு?"

கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன்.

"பதினேழாவதா," என்றேன்.