மோப்பம் அண்ணனும் பம்புசெட் டீசலும்

டீசலை மோந்து பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லக்கூடியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் மன்னவனூரில் உருளைக்கிழங்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊர் வைத்த பெயர் 'மோப்பம்'. நேரில் மட்டும் 'அண்ணே'.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமை சாமான் வாங்க அவர் லாரியில்தான் வத்தலக்குண்டு போவேன். கடை சாத்துவதற்குள் வாங்கி, பஸ்ஸைப் பிடித்து, ஊர் திரும்ப வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளாது. அண்ணனோ பெட்ரோல் பங்கில் நாலு சொட்டு டீசலை உள்ளங்கையில் வாங்கித் தேய்த்து, கண்ணை மூடி மோந்துகொண்டிருப்பார்.

"அண்ணே, வெரசா ஊத்தச் சொல்லுங்க. கடை சாத்திருவாங்க."

"சாத்தட்டும் சார். லேசா மண்ணெண்ணெ வாடை அடிக்குது."

பங்க்காரர் தலையில் அடித்துக்கொள்வார். மறுபடி மோப்பம். அப்புறம் அண்ணன் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டித்தான் ஊற்றுவார். மலைக்குத் திரும்பி வரவும் அந்த டீசல்தான், தகர டின்களில்.

கொடைக்கானலிலேயே போட்டுக்கொண்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அவர் அம்மாவைப் பற்றித் தப்பாகப் பேசியதுபோல் பார்த்தார்.

"பழைய வயிறு சார். இத்தன வருசமா ஒரே தண்ணி குடிச்சுக் கெடக்கு. திடீர்னு மாத்துனா டாங்க்ல ஒட்டுன கசடெல்லாம் கரைஞ்சு பில்டரை அடைச்சிரும். பம்பு ஒழுகும்."

ஒரு நாள் மலைப்பாதையில் டீசல் தீர்ந்து நின்ற டூரிஸ்ட் வேன்காரர் ஒரு டின் கேட்டார். அண்ணன் முதலில் வேனின் டாங்க் மூடியைத் திறந்து மூக்கை விட்டார். "உள்ள ஒட்டிக் கெடக்கது வேற சாதி டீசல். ரெண்டையும் சேத்தா சண்டை போட்டுக்கும்" என்று சொல்லிவிட்டார். வேன்காரர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் மனம் இரங்கினார். கிளம்பும்போது, "வழியில இருமுச்சுன்னா என்னைய திட்டக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது நாள் இன்னும் இருந்தது. தாய் வீட்டுக்கு அனுப்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். காலை பஸ் போய்விட்டது. ஓடினேன். அண்ணன் லாரி நின்றது; டாங்க் காலி, டின்னும் காலி. ஊரில் இருந்த ஒரே டீசல் பூண்டுத் தோட்டத்துப் பம்புசெட்டுக்காக வைத்திருந்த துருப்பிடித்த பீப்பாய்தான். அதை அவர் வாழ்நாளெல்லாம் 'கழுநீர்' என்றே சொல்வார்.

இவர் இப்போது மோந்து பார்ப்பார், வேட்டி தேடுவார், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் பீப்பாயை உருட்டி வந்து அப்படியே டாங்கில் கவிழ்த்தார். கையில் ஒரு சொட்டு தொடவில்லை.

"தங்கச்சிய ஏத்துங்க சார். நிக்காதீங்க."

லாரி இருமியது, கறுப்புப் புகை கக்கியது, கொண்டை ஊசி வளைவுகளில் கிழட்டு எருமை மாதிரி மூச்சு வாங்கியது. கொடைக்கானல் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, அதுவாகவே நின்றுவிட்டது. நான் ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனானேன்.

அவர் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. பில்டர் அடைத்து, பம்பு ஒழுகி, லாரி வத்தலக்குண்டு பட்டறையில் படுத்தது. அந்தக் கிழங்கு சீசன் முழுக்க அண்ணன் அடுத்தவர் லாரியில் மூட்டை ஏற்றினார். டீக்கடையில் விடுவார்களா?

"ஏண்ணே, அந்தக் கழுநீரையா ஊத்துனீங்க? மூக்கு எங்க போச்சு?"

"அன்னைக்குச் சளி புடிச்சிருந்துச்சுப்பா. வாடை தெரியல" என்றார், டீயை ஊதிக்கொண்டே.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சளியாவது ஒன்றாவது. அன்று பூம்பாறை தாண்டும்வரை, எந்தத் தோட்டத்தில் ஆட்டுப்புழுக்கை, எதில் மாட்டுச்சாணம், எந்த வீட்டில் குழம்பு தீய்கிறது என்று மோந்து மோந்து சொல்லிக்கொண்டே ஓட்டினார். வலியில் என் கையை நெரித்துக்கொண்டிருந்தவள், நடுவில் ஒரு தடவை சிரித்தே விட்டாள். அந்தச் சிரிப்பை வரவழைத்த மனிதரை என் கூடப் பிறந்தவராகத்தான் இன்றும் நினைக்கிறேன்.